சுமை வண்டியின் ஸ்டெப்னியைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி?

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் விளைபொருள் வண்டி ஏறுவது பெரும்பாலும் மாலையிலோ இரவிலோதான். களக்காடு, ஏர்வாடிப் பக்கத்தில் வெட்டிய ஏத்தன் தார் ஆரல்வாய்மொழியைக் கடந்து நாகர்கோவிலுக்கும், அதற்கு அப்பால் கேரளத்துக்கும் போக வேண்டும். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து இலைக்கட்டு வெயில் ஏறுமுன் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். சேரன்மகாதேவி வட்டாரத்துக் காய்கறி விடியற்காலையில் நயினார்குளம் மார்க்கெட்டில் இறங்க வேண்டும். இப்படிப் புறப்பட்ட ஒரு வண்டிக்கு, நாங்குநேரி தாண்டி நடுச்சாமத்தில் டயர் பஞ்சராகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிகிறார். ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தொட்டில் கம்பி தொங்குகிறது. அது எங்கே போயிற்று, எந்த நாள் போயிற்று என்று அவருக்கே தெரியாது.

நெல்லுக்குத் தழைச்சத்து, வாழைக்கு வாடல் நோய் என்று எழுத வேண்டிய இடத்தில் டயரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். பத்து மாதம், பன்னிரண்டு மாதம் பாடுபட்டு வளர்த்த வாழை, வயலிலிருந்து சந்தைக்குப் போகும் அந்த ஓர் இரவில் நான்கு டயர்களின் மேல் இருக்கிறது. அறுவடைக்குப் பின் ஏற்படும் சேதம் என்று நாங்கள் வகுப்புகளில் சொல்வதில் இதுவும் ஒன்றுதான். பூச்சிக்கு மருந்து அடிப்பதுபோல் இதற்கும் முன்கூட்டியே செய்ய வேண்டியவை சில உண்டு. செலவு குறைவு. வேலையும் ஒரு நாள் வேலைதான்.

நஷ்டம் யாருக்கு?

டயர் போன நஷ்டம் வண்டிக்காரருக்கு. சரக்கு வழியில் தங்கிய நஷ்டம் விவசாயிக்கு. இரண்டாவது நஷ்டம் பல சமயம் முதலாவதைவிடப் பெரிது.

வெட்டிய பின்னும் வாழைத்தார் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் வெப்பம் உண்டாகிறது. வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுந்து இந்த வெப்பத்தை ஓரளவு வெளியேற்றும். நின்ற வண்டியில் நெருக்கி அடுக்கிய தார்களுக்கு நடுவே வெப்பம் தேங்கும். அப்படித் தேங்கினால் காய் சீக்கிரம் பழுக்கத் தொடங்கும். தூரத்துச் சந்தைக்குப் போகும் தாரை முற்றவிடாமல் முக்கால் பருவத்தில் வெட்டச் சொல்வது இதை மனத்தில் வைத்துத்தான். பஞ்சரான வண்டியிலிருந்து வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால் இன்னொரு சேதம். இருட்டில் அவசரமாகக் கை மாறும் தார் உரசும், அடிபடும். அடிபட்ட இடம் மறுநாள் கறுத்துவிடும். இலைக்கட்டின் கதை இன்னும் மோசம். வெயில் பட்ட இலையை யாரும் வாங்கமாட்டார்கள். ஏலம் முடிந்தபின் வந்து நிற்கும் காய்கறிக்கு வியாபாரி சொன்னதுதான் விலை.

நெல் ஓர் இரவு தங்கினால் கெட்டுவிடாது என்பது உண்மை. ஆனால் கார் நெல் அறுவடையை ஒட்டித்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. தார்ப்பாய் சரியாக மூடாத டிரெய்லர் வழியில் நின்று நனைந்தால் ஈரப்பதம் ஏறிவிடும். கொள்முதல் நிலையத்தில் அதைக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள்.

ஆகவே வண்டி சொந்தமாக இல்லாத சிறு விவசாயியும் ஸ்டெப்னி பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகை வண்டியில் ஏற்றுபவருக்கு என்ன கவனம் வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயர் வந்த கதை

கட்டை வண்டிக்குப் பஞ்சர் கிடையாது. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டு ஓட்டினார்கள். கடையாணி கழன்று விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். பின்னால் டயர் வண்டி வந்தது. மாட்டுக்குச் சுமை குறைந்தது, ஆனால் காற்றும் பஞ்சரும் கூடவே வந்தன. டிராக்டரும் டிரெய்லரும் வந்தன. 2005-ல் டாடா ஏஸ் என்ற சிறு சுமை வண்டி வந்தபின், நம் ஊர்களில் குட்டியானை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். லாரி நுழையாத வாய்க்கால் கரைப் பாதையிலும் இது போய் நிற்கிறது. சிறு விவசாயிகள் இரண்டு பேர் சேர்ந்து கடன் போட்டு வாங்கி, தங்கள் சரக்கையும் ஏற்றி, மற்ற நாளில் வாடகைக்கும் விடுகிறார்கள்.

ஸ்டெப்னி என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆதியில் வந்த மோட்டார் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. சக்கரத்தைக் கழற்றவும் முடியாது. பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டியதுதான். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்னும் ஊரில், டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். காற்றடித்த டயரோடு கூடிய, ஆரம் இல்லாத ஒரு வளையத்தைச் செய்து, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அதைப் பிடித்து முடுக்கிவிடும்படி அமைத்தார்கள். அவர்கள் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அந்தத் தெருப் பெயர்தான் இன்று நம் டயர்க் கடைப் பலகையில் நிற்கிறது.

திருடன் எதைப் பார்க்கிறான்?

வண்டியின் மற்ற பாகங்களைப் போலன்றி ஸ்டெப்னி வெளியே இருக்கிறது. சிறு சுமை வண்டிகளில் பெரும்பாலும் சரக்குத் தட்டுக்கு அடியில் தொங்குகிறது. இரண்டு வகையாக அதை மாட்டியிருப்பார்கள். ஒன்று, இரும்புத் தொட்டிலில் படுக்கவைத்து ஒரு போல்ட்டால் முடுக்கியிருப்பது. மற்றொன்று, கைப்பிடியைச் சுற்றி இறக்கும் சங்கிலி. இரண்டையும் அவசரத்தில் டிரைவர் சுலபமாகக் கழற்ற வேண்டும் என்றே வடிவமைத்திருக்கிறார்கள். டிரைவருக்குச் சுலபம் என்றால் திருடனுக்கும் சுலபம்தான். கையில் இருக்கும் சாதாரண ஸ்பேனரே போதும். கண்ணாடி உடைகிற சத்தம் இல்லை. கதவு திறக்கிற வேலையும் இல்லை.

டயர் விற்கச் சுலபமான பொருள். குட்டியானைக்குப் போடும் 145 ஆர் 12 அளவு டயர் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. டிராக்டர் டிரெய்லரின் 9.00-16 டயரும் அப்படியே. கழற்றிய பின் இது யாருடையது என்று டயரைப் பார்த்துச் சொல்ல ஓர் அடையாளமும் இராது. அதிலும் ஸ்டெப்னி என்பது பெரும்பாலும் ஓடாத புது டயர். பட்டன் தேயாமல் இருக்கும். ஆகவே விலையும் கிடைக்கும்.

வண்டி தனியாக நிற்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். விடிய ஏலத்துக்காக மார்க்கெட் வாசலில் நிற்கிறது, டிரைவர் கேபினில் தூங்குகிறார். கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை நெல் டிரெய்லர் இரண்டு மூன்று இரவு வரிசையில் கிடக்கிறது. நான்கு வழிச்சாலையில் டீக்கடைக்கு எதிரே இருட்டான பக்கத்தில் நிறுத்தியிருக்கிறது. ஊருக்குள் வந்தாலும், ஆற்றங்கரை ஊர்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். தெரு குறுகல். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த இடமில்லாமல் தேரடியிலோ வாய்க்கால் பாலத்துப் பக்கமோ விட்டுவிட்டு வருகிறோம்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு விவசாயி என்னிடம் சொன்னார்: "சார், கதவைப் பூட்டுனேன், சாவியைக் கையோட கொண்டு வந்தேன். அடியில தொங்குததை யாரு குனிஞ்சு பாக்கா?" அவர் சொன்னது பலருக்கும் பொருந்தும். ஸ்டெப்னியை நாம் பஞ்சரான அன்றுதான் பார்க்கிறோம். அது காணாமல் போய் ஒரு மாதம் ஆகியிருக்கலாம். எந்த ஊரில், எந்த இரவில் போயிற்று என்று சொல்ல முடியாவிட்டால் போலீசில் எழுதிக் கொடுக்கவும் விஷயம் இல்லாமல் போகிறது.

சங்கிலியும் பூட்டும்

எந்தப் பூட்டையும் உடைக்க முடியும். ஆனால் ஸ்டெப்னி திருடுகிறவனுக்கு நேரம் கிடையாது, சத்தமும் கூடாது. இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையைப் பத்து நிமிட வேலையாக நாம் மாற்றிவிட்டால் பெரும்பாலும் அவன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பூட்டைத் தேர்ந்தெடுங்கள்.

சிலர் தொட்டிலையும் டயரையும் சேர்த்து ஒரு சைக்கிள் சங்கிலியால் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். தொட்டிலே ஒரு போல்ட்டில் நிற்கிறது. அதைக் கழற்றினால் தொட்டிலும் பூட்டும் டயரும் மொத்தமாக வந்துவிடும். சங்கிலியை டிஸ்க்கின் துவாரம் வழியாக நுழைத்து, வண்டியின் சேஸிஸில் உள்ள குறுக்குச் சட்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். அப்போதுதான் அது வண்டியோடு கட்டியதாகும்.

சங்கிலிக் கண்ணியின் கம்பி 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மாடு கட்டும் சங்கிலி வேண்டாம், அதைச் சின்னக் கத்தரியே வெட்டிவிடும். கடினப்படுத்திய இரும்பில் செய்த சங்கிலி என்று கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடும். பூட்டிலும் அப்படியே. உடம்பு பெரிதாக, மேலே உள்ள வளைவுக் கம்பி தடிப்பாக, அது வெளியே அதிகம் நீட்டாமல் இருக்கும் பூட்டு வேண்டும். வளைவுக் கம்பி நீளமாக இருந்தால் கம்பி வெட்டும் கத்தரியின் வாய் அதில் நன்றாகப் பொருந்திவிடும்.

பூட்டு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கீழே தொங்கவிட்டால் கத்தரியின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மற்றதன்மேல் உடம்பின் பாரத்தைப் போட்டு வெட்டலாம். சங்கிலியை இழுத்துப் பிடித்து, பூட்டு சேஸிஸை ஒட்டி மேலே, உள்பக்கமாக வரும்படி பூட்டுங்கள். கை நுழைவதே கஷ்டமாக இருக்க வேண்டும். சாவித் துவாரம் கீழ்நோக்கி இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே தங்காது.

நம் வண்டி சேற்றிலும் வாய்க்கால் தண்ணீரிலும் போய் வருகிறது. நான்கு மாதத்தில் பூட்டு துருப்பிடித்து, பஞ்சரான இரவில் சாவி திரும்ப மறுக்கும். அப்போது நம் பூட்டை நாமே உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே மாதம் ஒரு தடவை பூட்டைத் திறந்து மூட வேண்டும். சாவித் துவாரத்தில் எண்ணெய் விட்டால் புழுதி ஒட்டி அடைத்துக்கொள்ளும். பென்சில் கரியைப் பொடியாகச் சீவி உள்ளே ஊதிவிட்டால் நன்றாக வேலை செய்யும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டிப் பூட்டின்மேல் உறைபோல் மாட்டிவிடுங்கள். சங்கிலிக்கும் அதே டியூப் உறை போட்டால் கடகடவென்ற சத்தமும் இராது, டிஸ்க்கும் உரசாது.

சங்கிலியை மாட்டும்போது அது பிரேக் குழாய், டீசல் குழாய், மின்வயர், சைலன்சர், சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இவற்றின் பக்கமே போகக் கூடாது. மாட்டிய பின் சங்கிலியில் தொய்வு இருந்தால் அதைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். ஓட்டத்தில் தொய்ந்த சங்கிலி ஷாஃப்டில் சுற்றினால் டயர் திருட்டைவிடப் பெரிய ஆபத்து. சந்தேகமாக இருந்தால் உங்கள் மெக்கானிக்கை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

தொட்டில் போல்ட்டுக்குத் தனிச் சாவியால் மட்டும் திறக்கும் பூட்டு நட்டுகளும் விற்கின்றன. சங்கிலியோடு சேர்த்து அதையும் போட்டால் நல்லதுதான். ஆனால் அதன் சாவியை வண்டியிலேயே, வீல் ஸ்பேனர் இருக்கும் பையில் போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள்! டூல்ஸ் பையைத் திருடனும் திறப்பான். ஒரு சாவி வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் இருக்கட்டும். மற்றொன்று வீட்டில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். டிரைவர் மாறும்போது இந்தச் சாவியும் கை மாற வேண்டும்.

பட்டறையில் செய்யக் கூடாதவை

இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பூட்டுக்கு மாற்றாகச் சிலர் வெல்டிங் பட்டறைக்குப் போய்த் தொட்டிலையே பற்றவைத்துவிடுகிறார்கள். பஞ்சரான இரவில் அந்த ஸ்டெப்னி இருந்தும் இல்லாததுபோல்தான். கேட்டு, பூட்டுத் தகடு, குழாய் உறை என்று எதையாவது தொட்டிலில் பற்றவைப்பதானால், சக்கரத்தை முழுவதுமாக இறக்கி அப்புறம் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

டயர் மாட்டியிருக்கும் டிஸ்க்கில் ஒருபோதும் வெல்டிங் வைக்காதீர்கள். காற்றை இறக்கிவிட்டாலும் இதே எச்சரிக்கைதான். டிஸ்க்கில் ஏறும் சூடு டயரின் உள்பக்க ரப்பரைச் சிதைத்து எரியக்கூடிய வாயுவை உண்டாக்கும். அது பற்றிக்கொண்டால் டயர் வெடிகுண்டுபோல் வெடிக்கும். உலகில் பல நாடுகளில் பட்டறைத் தொழிலாளர்கள் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். வெல்டிங் முடிந்து ஆள் நகர்ந்த பிறகுகூட வெடிக்கலாம் என்பதால் இதில் துணிச்சலுக்கு இடமில்லை.

சேஸிஸ் சட்டத்தில் துளை போடுவதும் வேண்டாம். பாரம் தாங்கும் சட்டம் அது. துளை போட்ட இடத்தில் விரிசல் தொடங்கும்.

நிறுத்தும் முறை

ஸ்டெப்னி வண்டியின் பின்பக்கத்து அடியில் இருந்தால், பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். ஒரு சாண் இடைவெளி போதும். தொட்டிலை இறக்கினாலும் டயரை வெளியே இழுக்க வழியிராது. பக்கவாட்டிலும் ஒரு பக்கம் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. மார்க்கெட்டில் இரண்டு வண்டிகள் முதுகோடு முதுகாக நின்றால் இரண்டுக்கும் காவலாகிவிடும். ஒரே ஊர் வண்டிக்காரர்கள் இதைப் பேசி வைத்துக்கொள்ளலாம். செலவில்லாத ஏற்பாடு.

வண்டியைச் சில நாள் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால், ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டுக்குள் போட்டுவிடுங்கள். குட்டியானையின் சக்கரம் ஓர் ஆள் தூக்கக்கூடியதுதான். டிராக்டர் டிரெய்லருக்கு மாற்று டயர் வைத்திருப்பவர்கள் அதை டிரெய்லரிலேயே கட்டி வைப்பதைவிட வீட்டில் வைத்திருப்பது மேல். வயலும் வீடும் பெரும்பாலும் பக்கம்தான். தேவைப்பட்டால் ஒரு பையனை அனுப்பி மோட்டார் சைக்கிளில் எடுத்து வரலாம். தொலைவுக்கு நெல் ஏற்றிப் போகும் நாளில் மட்டும் கொண்டு போனால் போதும். கொள்முதல் நிலையத்தில் இரவு தங்கும்போது மூட்டைக்கு அடியில், தட்டின் முன்பக்கத்தில் வைத்துவிட்டால் யாரும் தொட மாட்டார்கள். டிராக்டர் பேட்டரிக்கும் சங்கிலியும் பூட்டும் இதே முறைதான். கிணற்று மோட்டாரின் கேபிள் திருட்டு தனிக் கதை, அதைப் பிறகு பார்ப்போம்.

அடையாளம் வேண்டும்

மாட்டுக்குச் சூடு போடுவதுபோல டயருக்கும் சூடு போடலாமா என்று கேட்கிறார்கள். பெரிய லாரி டயர்களில் சில கம்பெனிகள் அப்படிச் செய்வதுண்டு. சிறு வண்டி டயரின் பக்கச் சுவர் மெல்லியது. கை அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் உள்ளே இருக்கும் நூலடுக்கு கெட்டுவிடும். சூடு வேண்டாம். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் வண்டி எண்ணின் கடைசி 4 இலக்கத்தையும் ஊர்ப் பெயரையும் நல்ல எனாமல் பெயின்டால் எழுதுங்கள். வெளியே தெரியும்படி, பெரிதாக எழுத வேண்டும். டிஸ்க்கோடு விற்க நினைப்பவன் இதைப் பார்த்தே தயங்குவான். டயரின்மேல் ஒரு பட்டை மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டால் காலையில் வண்டியைச் சுற்றி வரும்போது குனியாமலே கண்ணில் படும். ஸ்டெப்னி இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதற்கு இது உதவும்.

டயரின் பக்கச் சுவரில் ஓர் எண் வரிசை இருக்கும். அதில் 4 இலக்கம் கொண்ட ஒரு பகுதி, டயர் செய்த வாரத்தையும் வருடத்தையும் காட்டும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். அதையும், கம்பெனி பெயர், அளவு, வரிசை எண் ஆகியவற்றையும் ஐந்து டயர்களுக்கும் குறித்து, டயர் வாங்கிய பில்லோடு வண்டிப் புத்தகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் உள்ள போனில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டாலும் போதும். திருட்டு டயர் பிடிபட்டால் உங்களுடையது என்று காட்ட இதைவிட வேறு சாட்சி இல்லை.

ஸ்டெப்னி போனால் போகட்டும் என்று தேய்ந்து வழுக்கையான டயரை அடியில் மாட்டுவது ஒரு வழக்கமாகி வருகிறது. திருடன் தொடமாட்டான் என்பது சரி. ஆனால் பாரத்தோடு அதை மாட்டி ஓட்டினால் சில மைலிலேயே வெடிக்கும். டயர்ப் பட்டன்களுக்கு இடையே பள்ளத்தில் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயர் ஸ்டெப்னிக்கும் உதவாது. இதற்குப் பதிலாக, முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் போட்ட வண்டிகளில் ஐந்து டயர்களையும் முறைவைத்து மாற்றி ஓட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி தேயும். புது டயர் ஒன்று மட்டும் அடியில் தொங்கி ஆசை காட்டாது. ஓடாமல் கிடந்து ரப்பர் வெடிப்பதும் குறையும்.

மாட்டும்போது காற்றடிக்கும் வால்வு கைக்கு எட்டும் பக்கமாக இருக்கட்டும். பெட்ரோல் பங்கில் மற்ற நான்குக்கும் காற்றுப் பார்க்கும்போது ஐந்தாவதுக்கும் பார்த்துவிடலாம். பூட்டிப் பத்திரமாக வைத்த டயரில் காற்று இல்லாமல் போனால் என்ன பிரயோசனம்?

இன்சூரன்ஸ் தருமா?

தராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டிகளுக்கான வழக்கமான பாலிசியில், முழு வண்டியும் போனால் தவிர டயர், டியூப், விளக்கு போன்றவற்றின் இழப்புக்குப் பணம் கிடையாது என்று ஒரு விலக்கு நிபந்தனை உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டி இவற்றைச் சேர்த்தாலும், வண்டியும் அதே நேரத்தில் சேதமடைந்தால்தான் டயருக்குப் பணம். டயர் மட்டும் களவு போனால் இல்லை. உங்கள் பாலிசியில் விலக்குகள் என்ற பகுதியை ஏஜெண்டிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆயினும் களவு போனால் போலீசில் எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 303-வது பிரிவு திருட்டுக்கானது. 3 ஆண்டு வரை சிறை உண்டு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவைக் குற்றமாக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையைத் தண்டனையாக விதிக்க இடமிருக்கிறது. ஆகவே டயரோடு டிஸ்க், டியூப் இவற்றின் மதிப்பையும் சேர்த்துச் சரியாக எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. வெறும் மனு ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

போன டயருக்குப் பதில் மலிவாக ஒரு பழைய டயர் கிடைக்கிறதே என்று பில் இல்லாமல் வாங்கிவிடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது 317-வது பிரிவின்கீழ் குற்றம். பக்கத்து ஊர்க்காரர் வண்டியிலிருந்து போனதைத்தான் நீங்கள் பாதி விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று பிறகு தெரியவரலாம். நாமே வாங்குவதால்தான் திருடனுக்கு இதில் பிழைப்பு இருக்கிறது.

வாடகை வண்டியில் ஏற்றுபவர்கள்

வாடகை பேசும்போதே ஸ்டெப்னியையும் பேசிவிடுங்கள். "அண்ணாச்சி, ஸ்டெப்னி இருக்கா, காத்து இருக்கா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வண்டி வயலுக்கு வந்ததும், சரக்கு ஏற்றுமுன் ஒரு தடவை அடியில் பாருங்கள். ஏற்றிய பின் தட்டு தாழ்ந்துவிடும், பார்ப்பதும் கஷ்டம், கழற்றுவதும் கஷ்டம். டயர் இருக்கிறதா, கையால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, பூட்டுக்குச் சாவி டிரைவரிடம் இருக்கிறதா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வண்டியில் இருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு மரப்பலகைத் துண்டு போட்டுவிடுங்கள். வயல் பாதை ஈர மண்ணில் ஜாக்கி புதைந்து போகாமல் அது தாங்கும்.

இந்தச் சோதனையை வாழைத்தார் வெட்டத் தொடங்குமுன் செய்ய வேண்டும். வண்டியில் ஸ்டெப்னி இல்லை என்று தெரிந்தால் வெட்டும் ஆட்களைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அதற்குள் டிரைவர் வேறு சக்கரம் ஏற்பாடு செய்து வரட்டும், இல்லாவிட்டால் வேறு வண்டிக்குச் சொல்லுங்கள். மரத்தில் இருக்கும் தார் இன்னும் ஒரு நாள் தாங்கும்.